ஆணித்துளைக்குப் பற்பசை

பீல் நகரில், மூன்றாம் மாடியில்,
பதினெட்டு வருடத்தில் அடித்தது ஏழு ஆணி.
ஏழும் எங்கே என்று எனக்குத் தெரியும்.
ஒன்று கலண்டருக்கு. ஒன்று பிள்ளையாருக்கு.
ஒன்று குகதாசன் ஏதோ கோபத்தில் அடித்து
எதையும் மாட்டாமல் விட்டது.
வீடு ஒப்படைக்கிற நாளில் துளைகளைப்
பற்பசையால் அடைத்துவிடலாமாம்,
கீழ்வீட்டுப் போர்த்துக்கீசக்காரி சொன்னாள்.
வெள்ளைப் பற்பசை.
நீலக்கோடு போட்டது பிடித்துக் கொடுத்துவிடும்.

மாசியில் ஒரு வீடு பார்த்தோம்.
லெங்னாவில், ரயில்பாதைக்குப் பின்னால்.
எட்டு லட்சத்து நாற்பதாயிரம் பிராங்.
இவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்
தேங்காய் வாங்குகிறவர் மாதிரி.
மிதுலா மாடிக்கு ஓடி
ஓர் அறையின் நடுவில் நின்று
“இது” என்றாள்.
நான் நிலவறைக்கு இறங்கினேன்.
அங்கே ஒரு துவைக்கும் இயந்திரம்.
அதன் மேலே
செவ்வாய், இரண்டு முதல் ஐந்து மணி வரை
என்று யாரும் எழுதி ஒட்டாத சுவர்.
பதினெட்டு வருடமாக எங்கள் அழுக்குக்குக்
கிழமை செவ்வாய்.
வாந்தி எடுத்த பிள்ளையின் போர்வையும்
செவ்வாய்வரை காத்திருக்கும்.
எனக்குப் பிடித்தது வீடு அல்ல,
அந்த வெறுஞ்சுவர்.

வங்கியின் கண்ணாடி அறையில் தண்ணீர் வைத்தார்கள்.
இன்றைய வட்டி ஒன்றரை வீதம் என்றான் அந்தப் பையன்.
ஆனால் ஐந்து என்று வைத்தே கணக்குப் பார்ப்போம்.
ஏன் என்று கேட்டேன்.
“ஒருவேளை” என்றான்.
அந்த ஒருவேளையின் விலை
பராமரிப்போடு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு.
முன்பணத்தில் பாதியை
ஓய்வூதிய நிதியை உடைத்து எடுக்கலாமாம்.
எழுபது வயதுக் குகதாசனிடம் கைமாற்று.
அந்த மனிதரை நாங்கள் இன்னும் சந்தித்ததுகூட இல்லை.
மீதிக்கு என் சீட்டு இருக்கிறது என்றேன்.
அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்
மிதுலா தண்ணீரைக் குடித்தாள்.

வீட்டைக் கட்டிப்பார் என்றுதானே சொல்லிவைத்தார்கள்,
வங்கிக்குப் போய்ப்பார் என்று இல்லையே.

குரோய்டனில் இருக்கும் மைத்துனர் முன்பு
ஞாயிறுதோறும் கூப்பிடுவார்.
வாடகை ஓட்டைப் பானை, எவ்வளவு ஊற்றினாலும்
மிஞ்சாது என்பார்.
அவருடைய வட்டி ஒப்பந்தம் முடிந்து,
தவணை இரண்டு மடங்காகி,
முன்னறையில் இப்போது இரண்டு மாணவர்கள்.
தன் வீட்டுக் கழிவறைக்கு
வரிசையில் நிற்கிறாராம், துவாயோடு.
ஞாயிறுகளில் தொலைபேசி பேசுவதில்லை.

பங்குனியில் எங்கோ ஒரு நாடு வரி போட்டது.
இங்கே தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமையைக் காணவில்லை.
கடிகாரப் பெட்டிகளைப் பளபளப்பாக்கும் கை
வெள்ளிக்கிழமைகளில்
என் கரண்டிகளை எடுத்துத் துடைக்கிறது.
வங்கிக்கு நாங்கள் மறுபடி போகவில்லை.
மாட்டோம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

சித்திரையில் இரண்டு செய்தி.
நாங்கள் கேட்டு எழுதியதால்
வாடகையில் நாற்பத்தோரு பிராங் குறைத்திருக்கிறார்கள்.
எதிர்க்கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள்.
அங்கே எல்லோருக்கும் கடிதம் போயிற்றாம்:
புதுப்பிக்கிறோம், வெளியேறுங்கள்.
அன்றிரவு சாரத்தின் வலை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.
நாற்பத்தொன்றைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன்.
தூங்கவில்லை.

போன வெள்ளி வேலையால் வந்தபோது
எங்கள் கதவின் பித்தளைக் கைப்பிடி
கண்ணைக் கூசியது.
முழங்காலில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார்,
தொழிற்சாலையில் தேய்ப்பதுபோல்,
மூச்சை அடக்கி.
யாருடைய கதவு என்று வாய்வரை வந்தது.
கேட்கவில்லை.
அதில் எங்கள் இரண்டு முகமும்
சப்பையாக, பக்கத்தில் பக்கத்தில்.

எதையும் மாட்டாத அந்த ஆணியில்
லெங்னா வீட்டின் படத்தாளை
மிதுலா குத்திவைத்திருக்கிறாள்.
யாரும் கழற்றவில்லை.

சனிக்கிழமை கடையில் பற்பசை மலிவு.
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு நீலக்கோடு போட்டதையே எடுத்தேன்,
மூன்று.